ஒன்று குறைந்த எண்ணிக்கை

ஒளி நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கப்படும் செல்களில் பெரும்பாலானவை நிறமற்றவை. அவற்றினுள் புகும் ஒளி தடையின்றி மறுபுறம் வெளியேறிவிடுவதால், எவ்வளவு உயர்ந்த வில்லையைப் பொருத்தினாலும் மங்கலான சில விளிம்புக் கோடுகளுக்கு மேல் கண்ணுக்கு எதுவும் புலப்படுவதில்லை. ஆகவே, திசுவை அது அப்போது இருந்த நிலையிலேயே நிறுத்துதல், ஒளி ஊடுருவும் அளவுக்கு அதை மெல்லியதாக்குதல், செல்லின் பகுதிகள் வேறுபட்டுத் தெரியும்படி சாயமேற்றுதல், இறுதியாகக் கண்ணாடிக்கு இடையில் பதித்தல் என்னும் நான்கு வேலைகளும் நுண்ணோக்கியின் முன் அமர்வதற்குள் முடிந்திருக்க வேண்டும். பார்த்தல் கண்ணின் தொழில் என்று பொதுவாகக் கருதப்பட்டாலும், நுண்ணோக்கியைப் பொறுத்தவரை எதைக் காணலாம், எதைக் காண இயலாது என்பதைக் கையே முன்னதாக முடிவு செய்துவிடுகிறது. தமிழ்நாட்டுக் கல்லூரி ஒன்றின் தாவரவியல் ஆய்வகத்தில் ஒரு மாணவர் இதை அறிந்துகொண்ட விதம், அவர் கற்ற செய்முறையின் விளக்கத்தோடு சேர்த்து இங்கே பதிவு செய்யப்படுகிறது.

அந்த ஆய்வகம் 1980-களின் நடுப்பகுதியில் காவிரிப் பாசனப் பகுதியில் இயங்கிய ஒரு கல்லூரியைச் சேர்ந்தது. நுண்ணோக்கிகள் மின்விளக்கு இல்லாதவை; அடியிலிருந்த வட்டக் கண்ணாடியைத் திருப்பி வான்வெளிச்சத்தை மேலே அனுப்ப வேண்டியிருந்ததால், நீண்ட மர மேசைகள் வடக்குச் சன்னல்களை ஒட்டியே போடப்பட்டிருந்தன. மேகம் மறைத்தால் செல்லும் மறைந்தது. மூன்று மாணவர்களுக்கு ஒரு நுண்ணோக்கி என்ற கணக்கில், 10 மடங்கும் 45 மடங்கும் பெருக்கும் இரு பொருளருகு வில்லைகளோடு அவை வழங்கப்பட்டன. எண்ணெய்த் துளியில் தோய்த்துப் பயன்படுத்தும் 100 மடங்கு வில்லை ஆசிரியர் அறையின் அலமாரியில் பூட்டப்பட்டிருந்தது. பாடநூல் ‘கண்ணாடி நழுவம்’ என்று அச்சிட்டதை ஆய்வகத்தில் எவரும் அப்படிச் சொன்னதில்லை; 75 மில்லிமீட்டர் நீளமும் 25 மில்லிமீட்டர் அகலமும் கொண்ட அந்தக் கண்ணாடித் துண்டு எல்லோருக்கும் ‘ஸ்லைடு’தான், அதன் மேல் வைக்கப்படும் மெல்லிய சதுரம் ‘கவர் ஸ்லிப்’தான். கவர் ஸ்லிப்பை உடைத்தவர்களின் பெயரை அட்டெண்டர் ஒரு பழைய நோட்டில் எழுதி வைத்ததால், அதன் தடிமன் ஏறத்தாழ 0.17 மில்லிமீட்டர் என்று படிப்பதற்கு முன்பே அது எவ்வளவு எளிதில் நொறுங்கும் என்பதை மாணவர்கள் அறிந்திருந்தார்கள்.

செல் பிரிதலைக் கற்பிக்க உலகெங்கும் வெங்காய வேரே முதலில் எடுக்கப்படுகிறது. மலிவாகக் கிடைப்பது, நீரில் சில நாள்களில் வேர்விடுவது, ஒவ்வொரு செல்லிலும் 16 குரோமோசோம்களே இருப்பதும் அவை பெரியனவாக இருப்பதும் ஆகியவை இதற்குக் காரணங்கள். பழைய வேர்களைச் சீவிவிட்டு, வாயகன்ற கண்ணாடிக் குப்பியின் மேல் அடிப்பகுதி மட்டும் நீரைத் தொடுமாறு வெங்காயத்தை அமர்த்தி வைத்தால், இரண்டு மூன்று நாள்களில் வெள்ளை வேர்கள் கொத்தாக இறங்கும். அவற்றின் நுனியில் ஓரிரு மில்லிமீட்டர் நீளத்துக்கு மட்டுமே செல்கள் தொடர்ந்து பிரிந்துகொண்டிருக்கும். அப்பகுதிக்கு ஆக்குதிசு என்று பெயர். பிரிதல் நாள் முழுவதும் ஒரே அளவில் நடப்பதில்லை என்பதால், காலையில் குறித்த நேரத்தில் நுனிகளை வெட்டி எடுப்பது வழக்கம். தம் வகுப்பு பிற்பகலில் அமைந்திருந்ததால், முதல் முறை மாணவர் பிற்பகலிலேயே வேரை வெட்டினார். நூற்றுக்கணக்கான செல்களைத் தேடியும், உட்கரு உருண்டையாக ஓய்ந்திருந்த செல்களே மிகுதியாகக் கிடைத்தன. மறுவாரம் விடுதியிலிருந்து காலை உணவுக்கு முன்பே வந்து வேரை வெட்டிய பிறகுதான், செய்முறைக் குறிப்பில் ஒரு சொல்லாக மட்டும் நின்ற ‘காலையில்’ என்பதன் பொருள் அவருக்கு விளங்கியது.

வெட்டிய நுனிகள் உடனே மூன்று பங்கு ஆல்கஹாலும் ஒரு பங்கு அசெட்டிக் அமிலமும் கலந்த கரைசலில் இடப்பட்டன. இதற்கு நிலைப்படுத்துதல் என்று பெயர். உயிருள்ள செல் இறக்கத் தொடங்கியதும் அதன் நொதிகளே அதைச் சிதைக்கத் தொடங்கிவிடுவதால், சிதைவுக்கு இடம் கொடாமல் புரதங்களை ஒரே நேரத்தில் உறையச் செய்து, குரோமோசோம்கள் எங்கெங்கு நின்றனவோ அங்கங்கேயே அவற்றை நிறுத்துவது இக்கரைசலின் வேலை. ஆல்கஹால் தனியாக இருந்தால் திசு சுருங்கும். அசெட்டிக் அமிலம் அதை உப்பச் செய்யும். இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்யும் அளவில் கலக்கப்படுகின்றன. ஒரு நாள் கழித்து 70 சதவீத ஆல்கஹாலுக்கு மாற்றப்பட்டால், அந்த வேர் நுனிகள் பல வாரங்கள் கெடாமல் இருக்கும். இயக்கத்தை அறிய வேண்டுமானால் அதை முதலில் கொன்றாக வேண்டும் என்னும் இந்த முரண் மாணவர்களிடையே வேடிக்கைப் பேச்சாக அடிபட்டாலும், நிலைப்படுத்தலில் தவறிய ஸ்லைடை அதற்குப் பின்வரும் எந்தத் திறமையாலும் மீட்க முடியாது என்பதில் எவருக்கும் ஐயம் இருக்கவில்லை.

சாயத்தை அட்டெண்டரே காய்ச்சினார். 45 சதவீத அசெட்டிக் அமிலத்தில் கார்மின் தூளை இட்டு, மெல்லிய கொதியில் நெடுநேரம் வைத்து, ஆறிய பின் வடிகட்டினால், அடர்ந்த செந்நிற அசிட்டோகார்மின் கிடைக்கும். அன்று தாழ்வாரம் முழுவதும் புளித்த காடியின் நெடி பரவியிருக்கும். அமிலமும் சாயமும் ஒன்றாக இருப்பதால், இது குரோமோசோம்களுக்கு நிறம் ஏற்றும்போதே திசுவையும் மென்மையாக்குகிறது. சாயம் சற்று வெளிறியிருந்தால், துருப்பிடித்த ஊசியொன்றால் அத்துளியைக் கலக்குமாறு செய்முறைப் பயிற்றுநர் கூறுவார். துருவிலிருந்து கரையும் இரும்பு, சாயத்தைக் குரோமோசோமோடு இறுகப் பிணைக்கும் நிறமூன்றியாகச் செயல்படுகிறது. துணிச் சாயமிடுவோர் படிகாரத்தைப் பயன்படுத்துவதும் இதே காரணத்துக்காகத்தான். புதிய எஃகு ஊசிகளைவிட மூலையில் கிடந்த துருவேறிய ஊசிகளுக்கே அந்த ஆய்வகத்தில் மதிப்பு அதிகம்.

கார்மின் எங்கிருந்து வருகிறது என்று வகுப்பில் எவரும் கேட்டதில்லை என்றாலும், அதன் வரலாறு அம்மாணவர்களின் ஊர் வேலிகளைத் தொட்டுச் செல்வதுதான். கொச்சினீல் என்னும் சிறு பூச்சி சப்பாத்திக்கள்ளியின் சாற்றை உறிஞ்சி வாழ்வது; மெக்சிகோவிலும் பெருவிலும் அதன் பெண் பூச்சிகளைச் சேர்த்து உலர்த்திச் சாயம் எடுத்தார்கள்; ஒரு பவுண்டு எடைக்கு ஏறத்தாழ 70,000 பூச்சிகள் வேண்டும். ஸ்பெயினின் கையிலிருந்த அந்த வணிகத்தில் பங்குகொள்ள விரும்பிய கிழக்கிந்தியக் கம்பெனிக்காக, 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அதன் சென்னை மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் சென்னையில் கள்ளித் தோட்டம் அமைத்தார். 1795-இல் பிரேசிலிலிருந்து பூச்சி வந்து சேர்ந்தது; ஆனால் அது உயர்ந்த சாயம் தரும் இனமன்று, தரத்தில் தாழ்ந்த அதன் உறவினம். சாயத் தொழில் வேரூன்றவில்லை. பூச்சியோ கள்ளியின் ஒரு வகையைத் தின்று அழித்தது. பின்னர் வேறொரு வகைச் சப்பாத்திக்கள்ளி தென்னிந்திய நிலங்களில் கட்டுக்கடங்காமல் பரவியபோது, 1926-இல் இலங்கையிலிருந்து அதே பேரினத்தின் மற்றொரு பூச்சி அதை ஒழிப்பதற்காகவே வரவழைக்கப்பட்டது. கள்ளிமடலில் பஞ்சு போல ஒட்டியிருக்கும் வெண்மையைக் குச்சியால் நசுக்கி, விரலில் சிவப்புக் கறை படிவதைச் சிறுவயதில் கண்டிருந்த மாணவர், அந்தக் கறையும் ஸ்லைடின் மேலிருந்த துளியும் ஓர் இனத்தவை என்பதைப் பல ஆண்டுகள் கழித்தே அறிந்தார்.

இனி, நசுக்குமுறை. சாயமேறிய வேரைக் கூர்ந்து நோக்கினால், செல்கள் நெருங்கியிருப்பதால் நுனி மட்டும் மற்றப் பகுதியைவிடக் கருஞ்சிவப்பாகத் தெரியும். சில சொட்டுச் சாயத்தோடு ஒரு சொட்டு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்து, கடிகாரக் கண்ணாடி எனப்படும் குழிந்த சிறு தட்டில் வேரை இட்டு, ஸ்பிரிட் விளக்கின் சுடருக்கு மேல் காட்டியும் விலக்கியும் இளஞ்சூடாக்குவார்கள். ஆவி எழலாம், கொதிக்கக் கூடாது. செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் பெக்டின் என்னும் பசைப்பொருளை அமிலமும் சூடும் கரைத்துவிடுவதால், திசு சிறிய அழுத்தத்துக்கே பிரிந்துகொடுக்கும். கருஞ்சிவப்பு நுனியை மட்டும் பிளேடால் நறுக்கி, ஸ்லைடில் புதிய சாயத்துளியில் வைத்து, கவர் ஸ்லிப்பின் ஒரு விளிம்பை முதலில் துளியில் தொடச் செய்து, மறு விளிம்பை ஊசியால் தாங்கியபடி மெதுவாகச் சாய்க்க வேண்டும். அவசரப்பட்டுப் போட்டால் காற்றுக்குமிழ் சிக்கிக்கொள்ளும். அதன் பின் ஊசியின் மரப்பிடியால் கவர் ஸ்லிப்பின் மேல் செங்குத்தாகத் தட்டத் தட்ட, சிவப்புப் புள்ளி சிறிது சிறிதாக அகன்று, இளஞ்சிவப்புப் புகைபோலப் படரும்.

கடைசி அழுத்தம்தான் கடினமானது. ஸ்லைடை உறிஞ்சுதாளின் மடிப்புக்குள் வைத்து, கட்டைவிரலால் நேராகக் கீழ்நோக்கி, பக்கவாட்டில் மயிரிழையும் நகராமல் அழுத்த வேண்டும்; நகர்ந்தால் செல்கள் உருண்டு ஒன்றின் மேலொன்று சுருண்டுகொள்ளும், குறைவாக அழுத்தினால் பல அடுக்காக நிற்கும், மிகையாக அழுத்தினால் கண்ணாடி நொறுங்கும். மாணவரின் முதல் மூன்று முயற்சிகளும் இந்த மூன்று குற்றங்களுக்கும் வரிசையாக எடுத்துக்காட்டாயின. பயிற்றுநர் குறை கூறவில்லை. தம் கட்டைவிரலை மாணவரின் விரல் மேலேயே வைத்து ஒருமுறை அழுத்திக் காட்டினார். எந்த நூலிலும் எழுதப்படாத அந்த அழுத்தத்தின் அளவு, விரலிலிருந்து விரலுக்கு அவ்வாறுதான் சென்று சேர்ந்தது.

இவ்வளவுக்குப் பிறகு பார்வைக்கு வந்ததும் நேரடியாகப் புலப்படவில்லை. கறுத்த, கூரிய விளிம்புடைய, மிகவும் உருண்டையான வட்டங்களைச் செல்கள் என்று கருதி ரெக்கார்டு நோட்டில் வரைந்தவர்கள் வகுப்பில் பலர், அவை காற்றுக்குமிழ்கள். கண்ணிமை மயிரையும், கரையாத கார்மின் துகளையும், வில்லையின் மேல் படிந்த தூசியையும் உட்கரு என்று நம்பியவர்களும் இருந்தார்கள். ஸ்லைடை நகர்த்தினால் உடன் நகர்வது ஸ்லைடில் உள்ளது, கண்ணருகு வில்லையைத் திருகினால் உடன் சுழல்வது வில்லையில் உள்ளது என்று பயிற்றுநர் கற்பித்த எளிய சோதனை, நுண்ணோக்கியில் காண்பதை நம்புவதற்கு முன் அதன் பிறப்பிடத்தை விசாரிக்கும் பழக்கத்தை ஏற்படுத்தியது. பின்னரே, நூல்கண்டு போலத் திரண்ட புரோஃபேஸ், நடுக்கோட்டில் அணிவகுத்த மெட்டாஃபேஸ், இரு முனைகளுக்கும் விலகிச் செல்லும் அனாஃபேஸ், இரு புதிய உட்கருக்களாக ஒடுங்கும் டீலோஃபேஸ் ஆகியவை ஒவ்வொன்றாகத் தட்டுப்பட்டன. ஸ்லைடில் இந்த நிலைகள் வரிசையாகக் கிடைப்பதில்லை. வெவ்வேறு செல்கள் வெவ்வேறு கட்டத்தில் உறைந்து சிதறிக் கிடக்கும். அவற்றை வரிசைப்படுத்துவது பார்ப்பவரின் ஊகம். ஜெர்மானிய அறிஞர் வால்தர் பிளெமிங் 1882-இல் வெளியிட்ட தம் நூலில் இந்த வரிசையை நிறுவியபோது, சாயமேற்றிய இறந்த செல்களோடு உயிருள்ள செல்களையும் ஒப்பிட்டுப் பார்த்தது இதனால்தான். 1888-இல் வால்டேயர் சூட்டிய ‘குரோமோசோம்’ என்னும் பெயருக்கு ‘நிறமுள்ள உடல்’ என்று பொருள். தனக்கென நிறமில்லாத ஒரு பொருள், சாயத்தை விரும்பி ஏற்கும் குணத்தால் பெற்ற பெயர் அது.

நசுக்குமுறையில் ஆயத்தமாகும் ஸ்லைடு தற்காலிகமானது. விளிம்புகளில் மெழுகோ நகப்பூச்சோ பூசி அடைத்தாலும் சில நாள்களில் உலர்ந்துவிடும். நிலையான ஸ்லைடுக்கு வேறு வழி உண்டு. திசுவைப் பாரஃபின் மெழுகில் பொதிந்து, மைக்ரோடோம் என்னும் சீவும் பொறியில் 10 மைக்ரான் அளவுள்ள நாடாவாக வெட்டி, மெழுகை நீக்கி, சாஃப்ரனினால் மரத்தன்மையுள்ள சுவர்களையும் உட்கருக்களையும் சிவப்பாகவும், ஃபாஸ்ட் கிரீனால் மற்றப் பகுதிகளைப் பச்சையாகவும் வேறுபடுத்தி, படிப்படியாகச் செறிவு கூடும் ஆல்கஹால் வரிசையில் நீரை முற்றிலும் அகற்றி, சைலீனில் தெளிவாக்கி, கனடா பால்சம் என்னும் மரப்பிசினிலோ டி.பி.எக்ஸ். என்னும் செயற்கைப் பிசினிலோ பதிக்க வேண்டும். இந்தப் பிசின்களின் ஒளிவிலகல் எண் கண்ணாடியின் எண்ணான 1.52-ஐ ஒட்டியிருப்பதால், ஒளி வழியில் சிதறாமல் செல்கிறது. ஐப்பசி மழையில் இந்த வேலையைச் செய்ய முற்பட்ட ஆண்டில், சைலீனில் இட்டவுடன் மாணவரின் ஸ்லைடுகள் எல்லாம் பால் ஊற்றியதுபோல வெளுத்தன. திறந்து வைத்த குப்பியிலிருந்த நீரற்ற ஆல்கஹால் மழைக்காலக் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டதும், சைலீனோடு கலக்காத அந்த நீர் நுண்துளிகளாகத் திசுவுக்குள் தங்கியதுமே காரணம். ஸ்லைடுகளை வந்த வழியே ஆல்கஹாலுக்குத் திருப்பி, புதிய குப்பியைத் திறந்து மீண்டும் கரையேற்றுவதில் ஒரு பிற்பகல் முழுவதும் கழிந்தது.

கையின் குறை எண்ணிக்கையையே மாற்றிவிடும் என்பதற்கு அறிவியல் வரலாற்றில் பெரிய சான்று ஒன்று உண்டு. அமெரிக்கரான தியோஃபிலஸ் பெயின்டர் 1923-இல் சீவல்களை ஆராய்ந்து மனிதனின் குரோமோசோம் எண்ணிக்கை 48 என்று முடிவு செய்தார். நெருக்கமாகக் குவிந்திருந்தவற்றை எண்ணியதால் நேர்ந்த அந்தப் பிழை 30 ஆண்டுகளுக்கு மேல் பாடநூல்களில் நிலைத்தது. பின்னர் எண்ணியவர்களும் 48-ஐ எதிர்பார்த்தே எண்ணினார்கள். 1950-களின் தொடக்கத்தில் டெக்சாஸில் டி.சி. ஸூவின் ஆய்வகத்தில் யாரோ ஒருவர் உப்புக்கரைசலை வேண்டிய செறிவுக்கும் குறைவாகக் கலந்துவிட, அதில் கழுவப்பட்ட செல்கள் நீரை உறிஞ்சி உப்பி, குரோமோசோம்கள் அழகாக விலகி நின்றன. அந்த முறையையும், கோல்சிசின் என்னும் வேதிப்பொருளால் பிரிதலை மெட்டாஃபேஸிலேயே நிறுத்தும் முறையையும், நசுக்குமுறையையும் இணைத்து, 1955-இன் இறுதியில் ஸ்வீடனில் ஜோ ஹின் ஜியோ 46-ஐ எண்ணினார். அடுத்த ஆண்டு ஆல்பர்ட் லெவானுடன் அதை வெளியிட்டார். கோல்சிசின் நம் செங்காந்தளிலும் உண்டு. தமிழ்நாட்டில் அதைக் கண்வலிக்கிழங்கு என்ற பெயரில், விதைக்காகவே பயிரிடுகிறார்கள். சென்னையில் பயின்று, 1934 முதல் கோயம்புத்தூர்க் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் கரும்பின் குரோமோசோம்களை ஆராய்ந்த இ.கே. ஜானகி அம்மாள், சி.டி. டார்லிங்டனுடன் 1945-இல் தொகுத்து வெளியிட்ட பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் அட்டவணையில் உள்ள எண்களுக்குப் பின்னாலும் இத்தகைய ஸ்லைடுகளே நிற்கின்றன.

அம்மாணவருக்கும் ஓர் எண் வாய்த்தது. ஆண்டிறுதியில், ஓரளவு நன்றாகப் பரவிய மெட்டாஃபேஸ் செல் ஒன்றைக் கண்டு எண்ணியபோது 15 குரோமோசோம்களே கிடைத்தன. மும்முறை எண்ணியும் எண்ணிக்கை மாறவில்லை. அதே நுண்ணோக்கியில் பார்த்த மற்ற இருவரும் பாடநூலைத் திறந்து வைத்து, 16 வரைந்து, கையெழுத்துப் பெற்றுச் சென்றுவிட்டார்கள். மாணவர் 15 வரைந்த பக்கத்தைத் தயக்கத்தோடு நீட்டினார். பயிற்றுநர் கண்ணருகு வில்லையில் நெடுநேரம் குனிந்திருந்து, நுண்சரிசெய் திருகை மேலும் கீழும் சற்றே திருகி, ஓரத்திலிருந்த ஒரு குரோமோசோம் மற்றவற்றைவிடத் தடித்திருப்பதைச் சுட்டிக்காட்டினார். அதன் அடியில் இன்னொன்று படுத்திருக்க வேண்டும் என்பது அவர் கருத்து, எனினும் அதை அவராலும் பிரித்துக் காண முடியவில்லை. படத்தைத் திருத்தச் சொல்லாமல், ‘ஒன்று மறைந்துள்ளது, அழுத்தம் போதவில்லை’ என்று அருகில் எழுதச் சொல்லி, அதன் கீழே தேதியிட்டுக் கையெழுத்திட்டார். அசிட்டோகார்மின் உலர்ந்து அந்த ஸ்லைடு அந்த வாரமே பயனற்றுப் போயிற்று. கழுவப்பட்டு, அடுத்த வகுப்பு மாணவருக்குக் கொடுக்கப்பட்டிருக்கும். ரெக்கார்டு நோட்டின் அந்தப் பக்கத்தில் 15 கோடுகளும், அவற்றில் ஒன்று மட்டும் சற்றே தடித்து வரையப்பட்டிருப்பதும், பென்சில் மங்கிய பிறகும் தெரிகின்றன.